வேல்ஸ் போதகர் வரிசையில் என் நண்பர்

இதில் ஆட்களின் பெயர்கள் இல்லை. அது மரியாதைக்காக. திகதிகளும் இல்லை. அது எனக்கு நானே விதித்துக்கொண்ட தண்டனை. காரணம் போகப் போகத் தெரியும். என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். ஒருவரைச் சந்தித்தால் சுகம் விசாரிப்பதற்கு முன்னே பிறந்த திகதியை விசாரிக்கிற ஆள் நான்.

பிராங்பேர்ட் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் எனக்கு வேலை. பெட்டியோடு வருகிற தாளில் உள்ள திகதியும் கணினியில் உள்ள திகதியும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் சம்பளமில்லாமல் அதையே தொடர்கிறேன் என்பது என் மனைவியின் நெடுநாள் முறைப்பாடு. எங்கள் குடும்பத்துப் பிறப்பு இறப்புகளை எழுதி முடித்து, ஊரவர்களுடையதையும் எழுதி முடித்து, இனி யாருடையதை எழுதுவது என்று கை அரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் வேல்ஸ்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் எஸ்-பான் ரயில் நிலையத்துக்கு வெளியே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு புத்தக அலுமாரி நிற்கிறது. வேண்டாத புத்தகத்தை வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம். ஒருநாள் அதில் ஒரு தடித்த ஆங்கில நூல் இருந்தது. வேல்ஸ் நாட்டு அறிஞர்கள், போதகர்கள், எழுத்தாளர்கள், அரசியல்வாதிகள் ஆகியோரின் வாழ்க்கைக் குறிப்புகள். வேல்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அன்று எனக்கு இங்கிலாந்தின் இடுப்புப் பக்கமாகக் கையைக் காட்டத்தான் தெரியும். ஆனால் நூலைத் திறந்த பக்கத்தில் ஒரு போதகர் பிறந்த திகதியும் ஞானஸ்நானம் பெற்ற திகதியும் தனித்தனியாக இருந்தன. இரண்டும் பொருந்தாததற்கு ஒரு அடிக்குறிப்பும் இருந்தது. நின்றபடி வாசித்தேன். என் ரயில் வந்து போனது. அடுத்ததும் போனது.

அந்த மனிதர்கள் எனக்குப் பிடித்துப்போனார்கள். ஆடு மேய்க்கும்போது எபிரேய மொழி படித்தவர்கள், பாதி அகராதி எழுதிவிட்டு இறந்தவர்கள், பிரசங்க மேடையில் பழகிய குரலோடு பாராளுமன்றத்துக்குப் போனவர்கள். பாதிப் பேருக்கு ஒரே பெயர். அதனால் தோட்டத்தின் பெயரையோ புனைபெயரையோ சேர்த்துத்தான் ஊர் அவர்களை அடையாளம் கண்டது. இந்த வசதியின்மை யாழ்ப்பாணத்தானுக்குப் புதிதல்ல. வாழ்க்கை ஒவ்வொன்றும் பிறந்த ஊரில் தொடங்கி அடக்கம் செய்த இடத்தில் முடிந்தது. நடுவில் ஒரு படிப்பு, ஒரு சண்டை, ஒரு நூல். அநேகமாக ஒரு மதுவிலக்குப் பிரசாரம். நான் ஒவ்வொருவரையும் தமிழில் சுருக்கிக் கணினியில் சேர்த்துவைக்கத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. கேட்காத வேலையில்தான் எனக்கு ஊக்கம் அதிகம்.

இவற்றை வாசித்துக் காட்ட எனக்குக் கிடைத்த ஒரே ஆள் என் நண்பர். ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தவர். எங்கள் பகுதியில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பியர்ப் போத்தல்களோடு வந்து, குசினி மேசையில் உட்கார்ந்து, நான் வாசிப்பதைக் கேட்பார். கேட்பதற்குக் கூலி என்று என் பங்குப் போத்தலையும் அவரே குடிப்பார்.

வேல்ஸில் கவிதைப் போட்டியில் வென்றவருக்கு ஒரு நாற்காலியைப் பரிசாகக் கொடுத்து, சபை முன்னால் அதில் இருத்துவார்கள் என்று ஒருநாள் வாசித்தேன்.

"நாற்காலிக்காகக் கவிதை எழுதினவையோ?" என்றார். "பரவாயில்லையே ஐசே. எங்கட ஆக்கள் நாற்காலிக்காகச் சங்கமெல்லோ துவங்கிறவை."

இன்னொரு நாள், ஊர் ஊராகப் போய் மதுவிலக்குக்காகப் பேசிய போதகர் ஒருவரின் வாழ்க்கை. கேட்டுக்கொண்டிருந்தவர் போத்தலை மேசையில் வைத்தார்.

"ஐசே, உங்கட வேல்ஸ்காரரிலை ஒருத்தன்கூட ஒழுங்காய்க் குடிச்சவன் இல்லையோ?"

"புத்தகத்திலை அப்பிடி இல்லை."

"புத்தகத்திலை இல்லை," என்று தலையாட்டினார். "நல்லாய்த் தேடிப் பாரும். இவ்வளவு பேர், அதுவும் அந்தக் குளிருக்கை. எனக்கு நம்பிக்கை இல்லை."

அவருடைய பள்ளி இரண்டாகப் பிரிந்த கதையையும் சொல்ல வேண்டும். நவராத்திரி வாணி விழாவைக் கோயில் மண்டபத்தில் வைப்பதா, வாடகை குறைந்த ஜேர்மன் தேவாலய மண்டபத்தில் வைப்பதா என்பதில் வந்த வாக்குவாதம் அது. கல்விக்கு விழா எடுக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் படிக்காதவர்கள் என்று திட்டிக்கொண்டார்கள். தேவாலய மண்டபம் போதும் என்ற என் நண்பர், பிள்ளைகளில் ஒரு பகுதியினரோடு வெளியேறி அடுத்த எஸ்-பான் நிலையத்துக்குப் பக்கத்தில் புதுப் பள்ளி தொடங்கினார். மற்றவர்கள் பழைய பள்ளி ஆனார்கள். அதன் பிறகு ஒரு பள்ளிக்காரர் வீட்டு நிகழ்வில் மறுபள்ளிக்காரர் கை நனைப்பதில்லை. செத்த வீட்டுக்கு மட்டும் வருவார்கள். வந்தாலும் சாப்பிடாமல் போய்விடுவார்கள். இதெல்லாம் நடந்தபோது நான் மிகவும் பயனுள்ள ஒரு காரியம் செய்தேன்: எந்தக் கூட்டத்தில் யார் முதலில் எழுந்து போனார் என்று குறித்துவைத்தேன்.

போன குளிர்காலத்துக்கு முந்திய குளிர்காலத்தில் நண்பர் மாரடைப்பில் இறந்துபோனார்.

எங்களவரில் ஒருவர் இறந்தால் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் வம்சத்தையும் தேவாரங்களையும் சேர்த்துச் சிறு நூலாக அச்சிட்டு, முப்பத்தோராம் நாள் கிரியையில் எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். கல்லில் எழுதுவதில்லை என்றாலும், பிழை விட்டால் கல்லில் விட்டது மாதிரித்தான். வாழ்க்கை வரலாற்றுப் பகுதியை நான் எழுத வேண்டும் என்று நண்பரின் மனைவி கேட்டார். நான் துக்கத்தோடுதான் சம்மதித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் உட்கார்ந்தபோது, இத்தனை காலம் வேல்ஸ்காரரை வைத்துப் பயிற்சி செய்தது இதற்குத்தான் என்று மனதுக்குள் ஒரு சிறு மேளச்சத்தம் கேட்டது. மறைப்பானேன்.

முதல் சிக்கல் பிறந்த திகதி. கடவுச்சீட்டில் ஒன்று, பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒன்று, சாதகத்தில் ஒன்று. மூன்றும் மூன்று வருடத்தில் இருந்தன. வேல்ஸ் நூலில் இப்படிப்பட்டவர்களுக்கு 'ஏறத்தாழ' என்று போட்டுவிட்டு ஆண்டை எழுதுவார்கள். அப்படியே எழுதிக்கொண்டு போனேன்.

நண்பரின் மனைவி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏறத்தாழ எண்டால் என்ன அண்ணை? என்ர மனுசன் ஏறத்தாழ பிறந்தவரோ?"

"இல்லைத் தங்கச்சி, ஆதாரம் போதாட்டி அப்பிடிப் போடுறது முறை."

"நாலு பிள்ளை பெத்து, சாகுமட்டும் வேலை செய்த மனுசன். இன்னும் என்ன ஆதாரம் வேணும்? கடவுச்சீட்டிலை உள்ளதைப் போடுங்கோ."

போட்டேன். பிறகு அவர் தேநீரை என் பக்கம் தள்ளிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னதுதான் முக்கியம்.

"அண்ணை, திகதி எப்பிடியும் இருக்கட்டும். எனக்கு ஒண்டுதான் வேணும். பழைய பள்ளித் தலைவரும் அவற்ர மனுசி அக்காவும் முப்பத்தொண்டு அண்டைக்கு எங்களோடை இருந்து சாப்பிட வேணும். அகதி முகாமிலை ஒரே அறைக்கை திரைச்சீலை கட்டி இருந்தனாங்கள். என்ர மூத்தவள் பிறக்கேக்கை அக்காதான் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. செத்த வீட்டுக்கு வந்தவ, என்னைக் கட்டிப் பிடிச்சவ, ஒரு மிடறு தண்ணியும் குடிக்காமல் போட்டா. நீங்கள் அந்தச் சண்டையைப் பற்றி ஏதும் ஏறுக்குமாறாய் எழுதினியள் எண்டால், பிறகு அவை எங்கட வாசல் மிதிக்காயினம்."

மூன்று திகதியில் எது சரி என்று நான் தலையை உடைத்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் ஒரு சாப்பாட்டுப் பந்தியை நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே பழைய பள்ளித் தலைவர் தொலைபேசியில் வந்தார். பெரிய குரல்காரர், என்னைவிட மூத்தவர். "தம்பி, நீர்தானாம் எழுதுறீர். நாங்கள் அவனை வெளியிலை போட்டனாங்கள் எண்டு வரக்கூடாது. அவனாய்த்தான் போனவன்." அவர் வைத்த கையோடு புதுப் பள்ளிச் செயலாளர். "அண்ணை, அவராய்ப் போனவர் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. போகப் பண்ணினவை."

என்னிடம் யார் முதலில் எழுந்தார் என்ற குறிப்பு இருந்தது. அதை அச்சில் பார்க்க என் உள்ளம் துடித்தது. ஆனால் நண்பரின் மனைவி தள்ளிய தேநீர்க் கோப்பையும் கண்ணுக்கு முன்னால் நின்றது. வேல்ஸ் நூலை எடுத்தேன். அந்த நாட்டில் தேவாலயங்கள் பிரிந்ததுபோல எங்கள் சங்கங்கள்கூடப் பிரிந்ததில்லை. பாட்டுக்கு ஆர்கன் வாத்தியப் பெட்டி வாங்குவதா வேண்டாமா என்பதில் பிரிந்து, அதே தெருவில் இன்னொன்று கட்டுவார்கள். ஆனால் நூல் அதை ஒரே வரியில் கடந்துவிடும். கருத்து வேறுபாடு எழுந்தது, அவர் சிலரோடு புதிய சபை அமைத்தார், அவ்வளவுதான். வேறுபாடு தானாகவே எழுந்தது, பனிமூட்டம் எழுவதைப் போல. யாரும் எழுப்பவில்லை.

இப்படிப் பிரிந்துபோன ஒரு போதகரின் வாழ்க்கை, சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனுடையது, என் கணினியில் தமிழில் தயாராக இருந்தது. அதைப் பிரதியெடுத்து, அதன் மேலேயே நண்பரை எழுதத் தொடங்கினேன். சுரங்கத்தை அழித்துவிட்டு நண்பரின் தகப்பனுடைய புகையிலைத் தோட்டம். ஞாயிறு பாடசாலையை அழித்துவிட்டுச் சனிக்கிழமைப் பள்ளி. உடம்பு அவருடையது, எலும்பு போதகருடையது. அந்த ஒரு வரியை மட்டும் பல நாள் இழைத்தேன்: 'வாணி விழா நடத்தும் இடம் குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்தபோது, மாணவரில் ஒரு பகுதியினருடன் புதிய பள்ளியொன்றைத் தொடங்கினார்.' இரு தரப்புக்கும் வாசித்துக் காட்டினேன். இரு தரப்பும் திருப்திப்படவில்லை, இரு தரப்பும் கோபிக்கவில்லை. என் வாழ்நாளின் சிறந்த வசனம் அதுதான் என்று நினைத்தேன். இன்றும் ஓரளவு அப்படித்தான்.

பிறகு திரும்பத் திரும்பப் பிழை பார்த்தேன். திருமணத் திகதி, வந்திறங்கிய திகதி, பள்ளி தொடங்கிய திகதி, பிள்ளைகளின் திகதிகள், எல்லாவற்றையும் சான்றுகளோடு ஒப்பிட்டேன். கிழமைகளைக்கூடப் பஞ்சாங்கத்தில் பார்த்தேன். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, ஓர் இலக்கமாவது பிழையாக இருந்தால் நான் மீசை வைத்திருப்பதில் அர்த்தமில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மீசையை ஒருமுறை அளந்து பார்த்தாள்.

முப்பத்தோராம் நாள். வாடகை மண்டபத்தில் கிரியைகள் முடிந்துவிட்டன. குசினியிலிருந்து மரக்கறிச் சாப்பாட்டின் மணம். மண்டபம் தானாகவே இரண்டாகப் பிரிந்திருந்தது. யன்னல் பக்கம் புதுப் பள்ளி, கதவுப் பக்கம் பழைய பள்ளி, நடுவில் ஒரு கார் போகக்கூடிய வெளி. தலைவரும் மனைவியும் கதவுக்குப் பக்கத்துக் கதிரைகளில் குளிருக்குப் போடும் தடித்த மேலங்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். கழுத்துவரை இழுத்துப் பூட்டிய சிப். ஹீற்றர் கொதித்துக்கொண்டிருந்தது. தலைவரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. கழற்றவில்லை. கழற்றினால் இருந்து சாப்பிடப்போகிறோம் என்று ஆகிவிடும்.

நண்பரின் மனைவி முன்வரிசையிலிருந்து திரும்பித் திரும்பி அந்த மேலங்கிகளையே பார்த்தார்.

கல்வெட்டு வாசிக்க மூத்த மகள் எழுந்தாள். கார்ல்ஸ்ரூஹேயில் படித்து அங்கேயே வேலை செய்பவள். தகப்பனிடம் படித்த தமிழ். மெதுவாக, சொல் சொல்லாக, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய மரியாதையோடு வாசித்தாள். பிறப்பு, படிப்பு, புகையிலைத் தோட்டம், பயணம், ஹோட்டல் வேலை. என் வரி வந்தது. கருத்து வேறுபாடு எழுந்தது. நான் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். இரு பக்கமும் அசையவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. என் வசனம் வேலை செய்துவிட்டது என்று நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தேன்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

"ஊர் ஊராகச் சென்று... மதுவிலக்குக்காக... உருக்கமாகப் பேசினார். அவருடைய சொல்லைக் கேட்டுப் பலர்... குடிப்பழக்கத்தைக் கைவிட்டனர்."

நான் அதைக் கேட்டது எல்லோருக்கும் பின்னாலேதான். என் காது இன்னும் முந்திய வரியிலேயே நின்றுகொண்டிருந்தது. சுரங்கத் தொழிலாளியின் மகன் என் நண்பரின் கல்வெட்டுக்குள்ளே நின்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அந்த வரியில் ஒரு திகதியும் இல்லை. நான் பிழை பார்ப்பது என்றால் என் கண் இலக்கத்திலிருந்து இலக்கத்துக்குத் தாவும். இலக்கம் இல்லாத வரியை நான் படிப்பதே இல்லை என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

மகள் தாளிலிருந்து தலையை எடுத்து, குழப்பத்தோடு, "அப்பாவோ?" என்றாள்.

கதவுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பிரஷர் குக்கர் விசிலுக்கு முன் வருமே, அப்படி. தலைவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. பிறகு கையை எடுத்துவிட்டார்.

"ஐயோ கடவுளே! எந்த ஊருக்கடா போய்ப் பேசினவன்?"

"மன்ஹைமுக்குப் போனவர் அண்ணை," என்றார் யன்னல் பக்கத்திலிருந்து புதுப் பள்ளிச் செயலாளர். பிரிவுக்குப் பிறகு அவர் தலைவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். "ஒரு பெட்டி பியரோடைதான் திரும்பி வந்தவர்."

"முகாமிலை என்ர போத்தலை எடுத்து ஒளிச்சு வைச்சவன்! அதுதான் மதுவிலக்கோ?"

"ஒளிச்சு வைக்கேல்லை அண்ணை. அண்டைக்கே முடிச்சுப்போட்டார்."

ஐயர்கூடச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் நண்பரின் மனைவியைப் பார்க்கத் துணியவில்லை. கதிரைக்கு அடியில் இடம் இருந்தால் போயிருப்பேன். கடைசியில் பார்த்தபோது அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணீர் ஓட ஓட. சிரிப்பும் அழுகையும் எங்கே பிரிந்தன என்று தெரியவில்லை. அதைக் குறித்துவைக்கவும் இல்லை.

தலைவரின் மனைவி எழுந்தார். எழுந்து போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நடு வெளியைக் கடந்து நேரே முன்வரிசைக்கு வந்தார். மேலங்கியின் சிப்பை இழுத்தார். அது நடுவில் சிக்கிக்கொண்டது. நண்பரின் மனைவி கையை நீட்டிச் சிக்கை எடுத்துவிட்டார். "சரியான வெக்கையடி," என்றார் அந்த அக்கா. மேலங்கியைக் கதிரையில் போட்டுவிட்டு, நண்பரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகளைப் பார்த்து, "நீ வாசி பிள்ளை. இன்னும் என்னென்ன செய்தவராம் உன்ர கொப்பர்?" என்றார்.

மகள் மீதியை வாசித்து முடித்தாள். நல்லவேளை, போதகர் அதற்குப் பிறகு தலைகாட்டவில்லை.

தலைவர் சாப்பிட்டார். இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். மேலங்கி இல்லாமல் அவர் எவ்வளவு மெலிந்துவிட்டார் என்று அன்றுதான் கவனித்தேன். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பரிமாறினார். பள்ளிகள் சேரவில்லை, இன்றைக்கும் இரண்டுதான், இரண்டு வாணி விழாதான். ஆனால் அந்த அக்கா இப்போது சனிக்கிழமைகளில் நண்பரின் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் பழைய பள்ளிக்குப் போகிறாராம்.

நான் பல நாட்கள் உழைத்த அந்த வசனத்தைப் பற்றி இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீசையைப் பற்றி மனைவி சொன்னாள். "நீங்கள் இலக்கத்திலைதான் பந்தயம் கட்டினியள். இலக்கம் ஒண்டும் பிழையில்லை. இருக்கட்டும்."

அடுத்த கிழமை பிழைதிருத்தத் துண்டொன்றை அச்சடித்துக்கொண்டு நண்பரின் வீட்டுக்குப் போனேன். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பும் பிரதிகளிலாவது ஒட்டலாம் என்று மன்னிப்போடு நீட்டினேன். நண்பரின் மனைவி வாங்கி வாசித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"அது கிடக்கட்டும் அண்ணை. அந்த வரியாலைதான் அக்கா மேலங்கியைக் கழட்டினவ."

"பின்னாலை வாசிக்கிற ஆக்கள் நம்பிப்போடுவினமே, தங்கச்சி."

"நம்பட்டுமன். அவரும் உங்கட வேல்ஸ்காரரைப் போட்டு எவ்வளவு பகிடி பண்ணினவர். அவையளோடையே போய் நிக்கட்டும்."

திரும்பி வந்து வேல்ஸ் நூலைத் திறந்தேன். சுரங்கத் தொழிலாளியின் மகன். ஊர் ஊராகச் சென்று மதுவிலக்குக்காக உருக்கமாகப் பேசினார். இதை எழுதியவரும் யாரோ ஒரு திகதிப் பைத்தியமாகத்தான் இருந்திருப்பார். வேறொரு போதகரின் வாழ்க்கையைப் பிரதியெடுத்து, மேலே எழுதிக்கொண்டு போய், இலக்கமில்லாத வரியை விட்டுவிட்டாரோ? அவருடைய இறுதிச் சடங்கில் இந்த வரியை வாசித்திருந்தால் அங்கேயும் யாராவது வாயைப் பொத்தியிருப்பார்களோ? அந்த மனிதரின் விதவை, கிடக்கட்டும் என்று சொல்லியிருப்பாரோ?

இவ்வளவு பேர், அதுவும் அந்தக் குளிருக்குள் என்றாரே நண்பர். பென்சிலை எடுத்து, அந்த வரியின் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டேன்.